தலை திருப்பிய கடற்காகங்கள்

அயல் வீட்டுப் பெண்கள் கையில் ஒரு பச்சைப் பிள்ளை கிடைத்தால் போதும். அதன் மூக்கையும் முழியையும் காதையும் பங்குபோட்டு, சொந்தக்காரர் எல்லாருக்கும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழும்புவார்கள். காத்தான்குடியில் முகைதீன்பாவா லெப்பையின் வீட்டிலும் அன்று அந்தப் பங்கீடுதான் நடந்தது. பிள்ளை பிறந்து நாற்பது கழிந்த நாள். காது உம்மாவுடையது என்று தீர்ந்தது. நெற்றி லெப்பையுடையது என்று தீர்ந்தது. மூக்கில்தான் தகராறு வந்தது.

“மூக்கு வாப்பாட மூக்குத்தான். மவுத்தான ஹமீட அப்பிடியே உரிச்சி வச்சிரிக்கி,” என்றாள் ஒருத்தி.

“போ கா! ஹமீடுக்குக் கொஞ்சம் சப்ப மூக்கு. இது எடுப்பான மூக்கு,” என்றாள் மற்றவள்.

“நாம ஏன் சண்ட பிடிக்கிற? பொஞ்சாதி இரிக்கிறாதானே. ஸஹீதா, நீ சொல்லு புள்ள. ஆர்ட மூக்கு?”

ஸஹீதா சொல்வதற்கு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வெட்கம் என்று நினைத்துப் பெண்கள் சிரித்தார்கள். வெட்கமில்லை. செத்துப்போன புருஷனின் மூக்கு எப்படியிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மற்றதெல்லாம் வந்தது. தோணியை ஊன்றித் தள்ளும் கம்பு காய்க்க வைத்த உள்ளங்கை வந்தது. முற்றத்தில் அவன் செருமுகிற சத்தம் வந்தது. புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிப் பக்கம் போகும் முதுகு நன்றாக வந்தது. முகத்தை மட்டும் காணவில்லை. கண்ணை மூடிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், பிள்ளையின் முகத்திலிருந்து பிடித்துக்கொண்டு போகலாமா என்றும் பார்த்தாள். பிள்ளையின் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

காரணமில்லாமல் இல்லை. மார்க்கம் படித்த லெப்பையின் மகள் அவள். கல்யாணமாகி எத்தனையோ மாதம் புருஷனை நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. சோறு போடும்போது அவன் கையைப் பார்ப்பாள். அவன் வெளியே போகும்போது முதுகைப் பார்ப்பாள். விளக்கு அணைந்த பிறகுதான் வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவாள். மெல்ல மெல்லக் கூச்சம் தெளிந்து அவன் முகத்தை அவள் பார்க்கத் தொடங்கியபோது, அந்த மனுஷன் அதைக் கண்டுவிட்டுச் சிரிப்பான். அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொள்வாள். என்ன அவசரம், வாழ்நாள் முழுக்கக் கிடக்கிறதே என்று நினைத்திருந்தாள்.

வாழ்நாள் அந்த மார்கழியோடு முடிந்துவிட்டது. மழையில் வாவி நிரம்பி, மேற்குக் கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டைகளெல்லாம் பயிரோடு தண்ணீருக்குள் போய்விட்டன. முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடப்போன ஆட்களோடு ஹமீடும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் வழி கண்டதும் மேடு பொலபொலவென்று இடிந்தது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். அவனை வெள்ளம் கடலுக்குள் கொண்டு போனது.

குருக்கள்மடத்துக் கரையில் மையித்து ஒதுங்கியபோது லெப்பைதான் போய்ப் பார்த்தார். இடுப்பு வாரை வைத்துத்தான் அவராலும் அடையாளம் சொல்ல முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எல்லாம் சுற்றிக் கட்டியிருந்தது. “புள்ளத்தாச்சி பாக்கப்படா,” என்று சொல்லி ஸஹீதாவை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டார்கள். பார்த்திருந்தாலும் அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பெண்கள் போன பிறகு ஸஹீதா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு உம்மாவைக் கூப்பிட்டாள். சித்தி நபீஸா என்பது உம்மாவின் பெயர்.

“உம்மா, அசனார் மாமா நாளைக்கு டவுணுக்குப் போனா, அந்தப் போட்டோக்காரர ஒருக்கா வரச்சொல்லச் சொல்லுங்க.”

தாய் திகைத்துப்போனாள். “என்ன புள்ள சொல்றாய்? நீயா கேக்கிறாய்?”

அவள்தான் கேட்டாள். அந்தக் காமராப் பெட்டியை அப்படி வெறுத்தவளும் அவள்தான்.

டவுணில், புளியந்தீவில் படக்கடை வைத்திருந்தார் நல்லரத்தினம். கல்யாண மாப்பிள்ளைகளையும் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர்களையும் நாற்காலியில் குந்தவைத்துப் படம் பிடிப்பது வயிற்றுக்கு. மனம் முழுக்கக் கடற்காகம். மாரிக்கு வந்து கோடைக்குப் போகும் அந்தச் சாம்பல் வெள்ளைப் பறவைக்கு அப்படியென்ன இருக்கிறது என்று கேட்டால், கேட்டவன் பாடு திண்டாட்டம்தான். ஐப்பசியில் வெள்ளைத் தலையோடு வருகிறதும், பங்குனியில் கபிலத் தலையோடு போகிறதும் இரண்டு சாதி அல்ல, ஒரே பறவைதான் என்பதில் ஆரம்பித்து, செட்டையின் கறுப்பு நுனியில் வெள்ளைப் பொட்டு எத்தனை என்பது வரை விடமாட்டார். அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் இன்ன சாதி என்று சொல்லலாமாம். செட்டை விரிந்தால்தான் பொட்டுத் தெரியும். பறவை எழும்பினால்தான் செட்டை விரியும். அதனால் அவர் கண்டல் கிளைகளுக்குப் பின்னால் காமராவோடு குந்தியிருக்க, மணல்திட்டின் இடப்பக்கத்திலிருந்து மெல்ல நடந்து வந்து, சரியான நேரத்தில் கைதட்டிப் பறவைகளை எழுப்ப ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாவியில் தோணி வலித்துப் படுவான்கரைக்குப் புடவை விற்கப் போய்வந்த ஹமீட்தான் அந்த ஆள். முதலில் தோணிக்கூலிக்குப் போனான். பிறகு கூலியைக் கேட்கவும் மறந்துவிட்டான். அவனுக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிவிட்டது.

“ஊருக்குப் போற காலம் வந்தா அதுகள் கபிலத் தொப்பி போட்டுக்கொள்ளும். ஹஜ்ஜுக்குப் போற ஆக்கள் தோத்துப்போவாங்க,” என்று வீட்டில் வந்து சொல்லுவான். ஸஹீதாவுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சிரிப்போடு பயமும் வரும். உயிருள்ளதின் உருவத்தைச் செய்கிறவனிடம் நாளை மறுமையில் அதற்கு உயிர் கொடு என்று கேட்கப்படும் என்று சின்னவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். கடைசியில் ஒருநாள், அவன் சாப்பிட்டுக் கை கழுவும் நேரம் பார்த்து, தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

“வேலைக்குப் போங்க மச்சான். நான் மறிக்கல்ல. உங்கட முகம் மட்டும் அந்தப் பெட்டிக்குள்ள விழப்படா. வல்லாஹி எண்டு சொல்லுங்க.”

அவன் சிரித்தான். “என்ட மூஞ்ச ஆரு கேட்டது? நல்லரத்தினத்தாருக்குக் காகம்தான் வேணும்.”

“வல்லாஹி எண்டு சொல்லுங்க.”

“வல்லாஹி,” என்று அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்தான் அவன்.

நல்லரத்தினம் வந்தார். லெப்பை ஏறாவூருக்குப் போயிருந்த நாள். முன்புறத்து வாங்கில் அவரும் அசனாரும் உட்கார்ந்தார்கள். உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் ஸஹீதா இருந்தாள். நடுவில் சித்தி நபீஸா. நல்லரத்தினம் அட்டைப்பெட்டியொன்றைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். கேட்டது என்னவென்று அவருக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, அவ்வளவு வாய்க்காரர் அன்று பேச்சைத் தொடங்கத் தெரியாமல் இருந்தார்.

“ராத்தா, நான் முன்னுக்கே சொல்லிப்போடுறன். இது எல்லாம் பறவைப் படம். தம்பி ஹமீட் ஒரு நாளும் படத்துக்குள்ள வரமாட்டான். மணலில ஒரு கோல் நட்டு வச்சிருப்பம். அந்தக் கோலுக்கு இங்கால வந்தா படத்தில விழுவான். அவன் கோலைத் தாண்ட மாட்டான்.”

“இருந்தாலும் தாங்க, பாக்கட்டும்,” என்றாள் சித்தி நபீஸா. படங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குள் போயின.

ஸஹீதா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்தைக் கையில் எடுத்தாள். பறவைகளை அவள் பார்க்கவில்லை. ஓரத்தைத்தான் பார்த்தாள். மேல் ஓரம், கீழ் ஓரம், இடது ஓரம். ஒரு கை, ஒரு கால், உடுத்த சாரத்தின் ஒரு நுனி. ஒன்றுமில்லை. அடுத்த படத்திலும் இல்லை. மணல், தண்ணீர், ஒற்றைக்காலில் நிற்கும் காகங்கள், செட்டை விரித்த காகங்கள். ஒரு படத்தில் இடப்பக்கத்திலிருந்து நீளமாக ஒரு நிழல் மணலில் விழுந்து கிடந்தது. காலை வெயிலுக்கு அவன் கோலைப் பற்றித் தெரியாதுதானே. அவள் நிழலின் தலையில் விரலை வைத்துப் பார்த்தாள். விரல்நுனி அளவுதான் இருந்தது. நிழலுக்கு மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை.

எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். இந்த முறை பறவைகளையும் பார்த்தாள். பார்த்தவள், தாயிடம் சொல்லிக் கேட்பிக்க வேண்டிய கேள்வியைத் தன்னை மறந்து தானே கேட்டுவிட்டாள்.

“ஏன் இதுகள் எல்லாம் தலையத் திருப்பி ஒரு பக்கமாப் பாக்குதுகள்?”



“காத்து வாற பக்கம் பாத்துத்தான் அதுகள் நிக்கும், தங்கச்சி,” என்றார் நல்லரத்தினம். “ஆள் கிட்ட வந்தா உடம்பை அசைக்காம, கழுத்தை மட்டும் திருப்பிப் பாக்கும். பாத்திட்டுத்தான் எழும்பும். அதுகள் பாக்கிறது ஹமீடைத்தான். எந்தப் படத்திலயும் அவனைத்தான் பாக்குதுகள்.”

ஸஹீதா படத்தின் இடது ஓரத்தைப் பார்த்தாள். அங்கே வெள்ளை விளிம்பு. விளிம்புக்கு அப்பால் அவளுடைய பெருவிரல். அத்தனை காகங்களும் உருண்டைக் கண்ணால் அவனை நேருக்கு நேர் பார்த்திருக்கின்றன. ஒன்றுகூடக் கூச்சப்பட்டுத் தலையைக் குனியவில்லை. அவளுக்கு அந்தப் பறவைகள் மேல் பொறாமையாக வந்தது. திரைக்குள்ளேயே இருந்துகொண்டு, வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள்.

“இவ்வளவுதானா? வேற ஒண்டும் இல்லையா?” என்று சித்தி நபீஸா கேட்டாள்.

நல்லரத்தினம் பெட்டியை மூடினார். திறந்தார். திரும்பவும் மூடினார். அசனார் அவரைப் பார்த்து, “இரிந்தா குடுங்க. அத ஏன் தடவிக்கொண்டிரிக்கிறீங்க?” என்றார்.

“ஒண்டு இருக்கு,” என்றார் நல்லரத்தினம். “அதைக் காட்டுறது நல்லதோ கெட்டதோ எண்டு எனக்குத் தெரியல்ல. முதல்ல கேளுங்க. பிறகு வேணுமெண்டா தாறன்.”

ஹமீட் சாவதற்கு முந்திய பங்குனியில் நடந்தது அது. பெரிய கருந்தலைக் கடற்காகம் என்று ஒன்று உண்டு. மற்றக் காகங்களுக்கு நடுவில் அது நின்றால் கோழிக்குஞ்சுகளுக்கு நடுவில் வாத்து நிற்கிற மாதிரி இருக்கும். அது மட்டக்களப்புவரை வராது, நீ கண்டது வேறு ஏதாவது என்று அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அடித்துச் சொல்லியிருந்தார்கள். அன்று பனிச்சங்கேணி மணல்திட்டில் அது வந்து நின்றது. மையில் முக்கியெடுத்த தலை, மஞ்சள் சொண்டு. ஹமீட்தான் முதலில் கண்டான். கண்ட சந்தோஷத்தில் கோலை மறந்துபோனான். ஒரு கையைத் தூக்கிப் பறவையைக் காட்டியபடி இரண்டு எட்டு உள்ளே வந்துவிட்டான். அந்த நேரத்தில்தான் அவர் பொத்தானை அமுக்கினார்.

திரைக்குப் பின்னால் அழுகை நின்றது.

“முகம் விழுந்திச்சா?” என்றாள் ஸஹீதா.

“விழுந்திச்சு, தங்கச்சி. நல்லா விழுந்திச்சு. சிரிச்சுக்கொண்டு நிண்டான்.”

“அல்லாஹ்வே!” என்றாள் சித்தி நபீஸா. அவள் முகத்தில் அத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது.

“பொறுங்க ராத்தா. தகட்டைக் கழுவி எடுத்து நான் அவனுக்குக் காட்டினன். கண்ணாடித் தகட்டில வெள்ளை கறுப்பாயும் கறுப்பு வெள்ளையாயும் மாறித்தானே தெரியும். அதிலயே அவன் தன்னைக் கண்டுபிடிச்சிட்டான். கண்டதும் முகம் செத்துப்போச்சு. உடைக்கச் சொன்னான். தம்பி, இந்தப் பறவைக்காக நான் எத்தனை வருசம் காத்திருந்தனான் எண்டு உனக்குத் தெரியுமே, உடைக்கச் சொல்லாத எண்டு கெஞ்சினன். ஆருக்கும் காட்ட மாட்டன், உன்ர பொஞ்சாதிக்குத் தெரியவராது எண்டும் சொன்னன்.”

“அதுக்கு என்ன சொன்னாரு?” என்று ஸஹீதா கேட்டாள். அவளுக்குப் பதில் தெரியும் போலவும் இருந்தது, தெரியக்கூடாது போலவும் இருந்தது.

நல்லரத்தினம் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “அவன் சொன்னதை அப்படியே சொல்லுறன். ‘என்ட பொஞ்சாதி இப்பதான் என்ட முகத்த நிமிந்து பாக்கத் தொடங்கிரிக்கிறா. பொய் சொன்ன முகத்தோட அவவுக்கு முன்னால போய் நிக்க எனக்கு ஏலா’ எண்டான். எண்டுபோட்டு, தகட்டு மேல் பூச்சு ஈரமாக் கிடக்கக்குள்ளயே நகத்தால தன்ர முகத்தை மட்டும் சுரண்டி எடுத்திட்டான். பறவையில ஒரு கீறல் பட விடல்ல. எனக்காகப் பறவையை விட்டான்.”

அசனார் எழும்பி முற்றத்துக்குப் போய் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி நபீஸா சுவரில் சாய்ந்துவிட்டாள். திரைக்குக் கீழே ஒரு கை வந்தது. வளையல் இல்லாத கை. நல்லரத்தினம் அந்தப் படத்தை எடுத்து அதில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் அங்கே இருக்கவில்லை.

படத்தில் ஹமீட் நின்றான். மடித்துக்கட்டிய சாரம், முழங்கால்வரை ஈரம், நெஞ்சு எலும்பு, தூக்கிய வலது கை, விரித்த விரல்கள். அவள் நன்றாக அறிந்த கை. கழுத்துவரை அவன் அவளுடையவன். கழுத்துக்கு மேலே ஒரு கறுப்பு. தகட்டில் சுரண்டிய இடம் படத்தில் கறுப்பாகத்தான் விழும். வட்டமாகக்கூட இல்லை. நகம் போன வழியெல்லாம் கோடுகோடாக, அவசரமாக, பள்ளிக்கூடப் பிள்ளை பிழையை அழித்த மாதிரிக் கிடந்தது. அவனுக்குக் கொஞ்சம் தள்ளிப் பெரிய கருந்தலைக் காகம் நின்றது. அதன் கண்ணைச் சுற்றியிருந்த மெல்லிய வெள்ளைக் கீற்றுக்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் சின்னக் காகங்கள் ஒரு கூட்டம்.

வேறு யாரும் அழித்திருந்தால் அவள் அவர்களைச் சபித்து ஆறியிருப்பாள். கடல் அழித்தது கடலின் குணம். இதை அழித்தது அவள். அவன் நகம்தான், ஆனால் அதை இழுத்தது அவள் வாங்கிய சொல். இவ்வளவு நல்ல மனுஷனிடம் சத்தியம் வாங்கியிருக்கக் கூடாது. கொஞ்சம் பொய்யனாக இருந்திருந்தால் இன்றைக்கு அவன் முகம் அவள் கையில் இருந்திருக்கும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு லெப்பை வந்தார். மகள் படத்தை ஒளிக்கவில்லை. அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் மடியில் பிள்ளையையும் கையில் படத்தையும் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் இருந்தாள். சித்தி நபீஸா நடந்ததை எல்லாம் சொன்னாள். லெப்பை படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மருமகனை இடுப்பு வாரால் அடையாளம் கண்ட மனுஷன் அவர். இந்தப் படத்திலும் அதே வார் இருந்தது.

“தலை இல்லாட்டி அது உருவமில்ல, மகள்,” என்றார். மார்க்கக் கிதாபில் உள்ளதைத்தான் சொன்னார், ஆனால் குரல் பள்ளிவாசல் மிம்பரில் பேசும் குரலாக இருக்கவில்லை. “தலய அழிச்சா அது மரம் மட்டயப் போலதான். வீட்டில வச்சிக்கொள்ளலாம். நீ வச்சிக்கொள்.”

வைத்துக்கொள்ளலாமாம். உலகத்தில் அவளுக்கு ஆகுமான ஒரே படம், முகம் இல்லாத இந்தப் படம்.

லெப்பை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தப் பறவைகளுக்குத்தான் தலயும் கண்ணும் இரிக்கி. அதுகள மட்டும் வெட்டி எடுத்திட்டா ஒரு குத்தமும் இல்ல,” என்றார். மகளுக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் அவரே எழும்பிப் போய்ப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தார். பெரிய கருந்தலைக் காகத்தின் பக்கமாக அதைத் திறந்தார்.

ஸஹீதா பிள்ளையைத் தரையில் வைத்துவிட்டுத் தகப்பனின் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். பிறந்ததிலிருந்து அவர் கையை அவள் தடுத்ததில்லை.

“வெட்டாதீங்க வாப்பா. அதுகள வெட்டாதீங்க.”

“குத்தம், மகள்.”

“குத்தமா இரிக்கட்டும். நல்லாப் பாருங்க. எல்லாம் தலயத் திருப்பி அவர்ர முகத்தத்தான் பாக்குதுகள். எனக்கு இல்ல, உங்களுக்கு இல்ல, இந்தப் புள்ளைக்கும் இல்ல. அதுகள்ற கண்ணுக்கு மட்டுந்தான் அவர்ர முகம் இன்னும் இரிக்கி. அதுகளயும் வெட்டிட்டா அவரப் பாக்க ஆருமே இல்ல வாப்பா.”

லெப்பை கத்தரிக்கோலை வைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். படத்தை வெட்டாமல் அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரும் அழுதார்.